சிக்னல் வளைவில் நிற்பவன்

ஊசிக்கல் எஸ்டேட்டில் மூட்டம் இறங்குவது யாருக்கும் புதிதில்லை, ஆடி பிறந்தால் இறங்கும், ஆவணியில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிப்போகும், நடுவில் துணி காயாது, தீப்பெட்டி பற்றாது, வரிசையாக ஒட்டிக்கட்டிய லயன் வீடுகளில் பக்கத்து வீட்டில் கருவாடு பொரிக்கிறார்களா என்பதை மூக்கால்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எபனேசர் காணாமல் போன வருஷம் இறங்கிய மூட்டம் ஏறவே இல்லை, ஏறாததோடு நிற்காமல், ஏழெட்டு நாளில் வெள்ளை நிறத்தை விட்டுச் சாம்பலாகி, தனக்குப் பின்னால் இருப்பதை மறைப்பதற்குப் பதில் காட்டவும் தொடங்கியது. காட்டியது என்றால் இன்றைக்கு இருப்பதை இல்லை. யாராவது ஒருவர் கடைசியாக அந்த இடத்தைப் பார்த்தபோது அங்கே என்ன இருந்ததோ அதை.

முதலில் அது தெரிந்தது மேல் ஸ்டாப்பில். கல்யாணம் முடிந்து பெண்ணை பஸ் ஏற்றிவிட வந்தவர்கள், நின்றால் இவள் அழுகை நிற்காது என்று பஸ் கிளம்பும் முன்பே இறங்கிவந்துவிட்டார்கள், மறுநாள் ரோடு சரிந்து பஸ்ஸும் மலையேறாமல் போயிற்று, அந்தப் பக்கம் யாருக்கும் வேலையில்லை. பிறகு ஒரு நாள் ஃபாக்டரி வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் பஸ் அங்கேயே நின்றது, சாம்பல் பஸ், ஜன்னலில் சாம்பல் மணப்பெண் தலையை நீட்டி அழுதுகொண்டிருந்தாள், சத்தமில்லாமல், கண்ணீர் கீழே விழாமல். பெற்றவன் ஒரு நாள் பொறுத்தான், தாங்கமாட்டாமல் ஏறிப்போனான். இருபதடி தூரத்தில் அவன் கண் பட்டதும் பஸ்ஸும் இல்லை பெண்ணும் இல்லை. வெறும் ஸ்டாப், அதன் கூரையில் ஒரு குரங்கு.

"இது நாலு கோட்டையில வர்றதுதானே" என்று ஃபாக்டரி ஆட்கள் இரண்டு பேர் சொன்னார்கள், பெரிதாக ஆச்சரியப்படாமல். "எபி நோட்டுல எழுதியிருக்காரே."

நாலு கோட்டை என்பது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. உன் முறை, என் முறை என்று காத்திருக்கிற விளையாட்டு இல்லை, நாம் டீ குடிக்க எழுந்து போனாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், ஆளை வைத்து மரம் வெட்டி, கல் உடைத்து, கோட்டை கட்டி, எதிராளி வருவதற்குள் படை திரட்ட வேண்டும்; வரைபடம் முழுக்கக் கறுப்பாகத் தொடங்கும், நம் ஆள் போகிற இடம் வெளுக்கும், அவன் நகர்ந்துவிட்டால் அந்த இடம் சாம்பலாகும், சாம்பலில் அவன் கடைசியாகக் கண்டது மட்டும் அப்படியே நிற்கும், அங்கே எதிராளி வந்து ஊரையே கட்டியிருந்தாலும் நமக்குத் தெரியாது. பஜாரில் நாலு கம்ப்யூட்டர் போட்டுக் கடை வைத்திருந்த எபனேசர், ஊராருக்கு எபி, இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாத தோட்டத்து ஆட்கள் தோற்றுத் தோற்று எழுந்துபோவதைப் பார்க்கப் பொறுக்காமல், ஒரு லாங் சைஸ் நோட்டில் 'நாலு கோட்டை: ஜெயிக்கும் வழி' என்று தலைப்புப் போட்டு, நீல மையில் எழுதத் தொடங்கினான். மூன்று வருஷம் எழுதினான். விளையாட்டை உண்டாக்கினவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை எதையாவது மாற்றிவிடுவார்கள், இவன் அடித்துவிட்டு ஓரத்தில் 'இப்போது இப்படி இல்லை' என்று எழுதுவான்.

பியூலா அவன் மனைவி. கொழுந்து எடுத்துவிட்டு வந்து, இடுப்பில் கட்டிய ஈரப் படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டே அவள் கேட்பாள், "இதால யாருக்கு என்ன பிரயோஜனம்? எல்லாரும் போன்ல வீடியோ பாத்துக்கிறான். நீங்க எழுதி முடிக்கிறதுக்குள்ள அவன் வெளையாட்டையே மாத்திடுறான்."

"மாறுறது மாறும். மாறாதது கொஞ்சம் இருக்கில்ல" என்பான் அவன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் புது மாற்றம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, அதை வாசிக்க சிக்னல் வளைவுக்குக் கிளம்பினான். ஊசிக்கல்லில் போன் எடுக்கும் இடம் அது ஒன்றுதான். லயன் வீடுகளுக்கு எதிர்ச்சரிவில், பலகைப் பாலம் தாண்டி, ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டில் பழைய கொழுந்துக் கொட்டகைக்கு முன்னால் பாதை திரும்புகிற இடம். வீட்டில் ஒழுகுகிற கூரைக்குத் தார்ப்பாய் கட்டித்தருவதாகச் சொன்ன சனிக்கிழமையும் அதுதான். பியூலா நோட்டை எடுத்து வாசலில் எறிந்தாள். அது ஈரத்தில் விரிந்து விழுந்தது. அவன் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப்போனான். எதிர்ச்சரிவில் ஏறி வளைவுக்குப் போய்த் திரும்பி நின்று, வலது கையைத் தூக்கினான். போதும், உள்ளே போ, என்று சொன்ன கை என்றே அவளுக்குப் பட்டது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்படித்தான் அவளுக்கு ஞாபகம்.

அரை மணியில் மேலே எங்கோ மழை கொட்டி, ஓடை பாலத்துக்கு மேல் ஏறிவிட்டது. மூட்டமும் அப்போதுதான் இறங்கியது. எட்டு நாள் தண்ணீர் வடியவில்லை, தேடினவர்கள் இந்தக் கரையோடு கீழே கீழே போய்த் தேடினார்கள், ஓடையின் மூன்றாம் வளைவில் குடை கிடைத்தது, அதற்கப்புறம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்பதாம் நாள் தண்ணீர் வடிந்து பலகை தெரிந்தது. அன்று காலை ஞானப்பூ, எபனேசரின் அம்மா, பாத்திரம் கழுவிய தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டு நிமிர்ந்தவள் எதிர்ச்சரிவைப் பார்த்தாள், சட்டியைக் கீழே வைத்தாள், மெதுவாகக் கூப்பிட்டாள்.

"பியூலா. இங்க வா. உம் மாப்பிள்ளையப் பாரு."

சாம்பலாக அவன் நின்றான். இடது கையில் குடை, வலது கை உயர்ந்தபடி.

பியூலா செருப்பில்லாமல் ஓடினாள். பலகையில் கால் வைக்கும்போது பின்னாலிருந்து ஞானப்பூ அவள் சேலையைப் பிடித்துவிட்டாள், அறுபத்தாறு வயதில் அந்த ஓட்டம் எங்கிருந்து வந்ததோ.

"போவாதட்டி. பஸ்ஸு என்னாச்சுன்னு பாத்தல்லா? நீ போனா அவன் போயிருவான்."

"அங்க இருந்தா, அத்தை? நெசமாவே இருந்தா?"

"இருந்தா வருவான். அவனுக்கு வழி தெரியும். இல்லேன்னா, இதுவாச்சும் நிக்கட்டும்."

இரண்டு பேரும் பலகை மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பியூலா திமிறவில்லை. ஓடிவரும்போதே அவளுக்குள் ஒன்று, யாராவது பிடித்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்டுக்கொண்டே வந்தது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அதற்கப்புறம் எஸ்டேட் தானாக ஒரு பழக்கத்துக்கு வந்தது, யாரும் கூடிப் பேசவில்லை, யாரும் தீர்மானம் போடவில்லை. ஒன்பதாம் நம்பர் காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் வளைவுக்குக் கீழே உள்ள தடத்தில்தான் போக வேண்டும், அந்த இடம் வந்ததும் எல்லாரும் குடையை மேட்டுப் பக்கம் சாய்த்துக்கொண்டார்கள், கண் பட்டுக் கலைந்துவிடக் கூடாது என்று. மழை முகத்தில் அடித்தாலும் சாய்த்தார்கள். குடையில்லாதவர்கள் கொழுந்துக் கூடையைத் தோளில் ஏற்றி மறைத்துக்கொண்டார்கள். வளைவுக்கு யாரும் ஏறவில்லை என்பதால் ஊசிக்கல்லில் யார் போனும் அடிக்கவில்லை. வெளியூரில் படிக்கிற பிள்ளைகளோடு பேசாமல் இருந்தார்கள், பணம் வந்ததா என்று பார்க்காமல் இருந்தார்கள், காட்டிலாகா அனுப்புகிற யானைத் தகவல் எஸ்.எம்.எஸ்ஸும் இல்லாமல் இருந்தார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பக்கத்து வீட்டு மாடத்திதான் பியூலாவைச் சிரிக்கவைக்கப் பார்ப்பாள்.

"ஏட்டி, அவன் கையத் தூக்கிட்டு நிக்கது உன்னைய இல்ல, சிக்னலத் தேடுதான். செத்தாலும் ரெண்டு புள்ளிக்கு மேல வராது அந்த வளைவுல."

"எம் மவன் என்னையக் கூப்பிடுதான்" என்பாள் ஞானப்பூ.

உள்ளே போ என்று சொன்ன கை அது என்று தனக்குப் பட்டதை பியூலா சொல்லமாட்டாள்.

மற்ற இடங்களைச் சாம்பலுக்கு விட்டுவைக்க முடியாதல்லவா, அங்கேதான் எபனேசரின் நோட்டு வேலைக்கு வந்தது. சூப்பர்வைசர் கென்னடி முதலில் சிரித்தார். பிறகு ஒரு நாள் காலை, சாம்பலில் பத்திரமாக நின்ற தண்ணீர்த் தொட்டி நேரில் போய்ப் பார்த்தால் நாலு நாளாக உடைந்து கிடந்தது, அன்று மத்தியானம் அவர் பியூலா வீட்டுக்கு வந்து, வெளியிலேயே நின்று, தொப்பியைக் கழற்றினார்.

"அந்த நோட்டு இருக்காம்மா?"

"வெளையாட்டு நோட்டு சார் அது."

"தெரியும். எங்கிட்ட வேற நோட்டு இல்ல."

அன்று முதல் தினமும் காலை பெரட்டுக் களத்தில், பேர் கூப்பிட்டு ஆட்களைக் காட்டுக் காட்டுக்குப் பிரித்துவிடும் நேரத்தில், கென்னடி நோட்டை விரித்து ஒரு பக்கம் வாசித்தார், நூற்றிருபது பேர் படங்கும் குடையுமாக நின்று கேட்டார்கள். 'முதல் ஆளை வேலைக்கு அனுப்பும் முன் ஒரு ஆளைப் பார்க்க அனுப்பு. பார்க்கப் போகிறவன் வேலை செய்யவில்லை என்று நினைக்காதே' என்று வாசித்தார், அதன்படி காட்டுக்கு இரண்டு பேர் பார்வை ஆளாக முன்னால் போனார்கள். 'ஒரே இடத்தை இருமுறை பார்ப்பதைவிட இரண்டு இடத்தை ஒருமுறை பார்' என்று வாசித்தார், அதன்படி தடம் பிரித்தார்கள். மூன்று வாரத்தில் தொட்டி, மதகு, பள்ளிக்கூடம் எல்லாம் பழைய நிறத்துக்கு வந்துவிட்டன, யாராவது ஒருவர் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருவதால். வாசிக்க முடியாதது ஒரு பக்கம்தான், நாற்பத்தொன்று. அன்றைக்கு வாசலில் விழுந்து மை கலைந்து நீலமாக இழுவிக் கிடந்தது. முக்கியமானது ஏதோ அதில்தான் இருந்திருக்கும் என்று எல்லாருக்கும் எண்ணம். கென்னடி ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டும்போது பியூலா தலையைக் குனிந்துகொள்வாள்.

ஒரு நாள் அவர் வாசித்தார். 'சும்மா நிற்கிற ஆளைத் தேடு. அவன் சோம்பேறி இல்லை. கடைசியாகச் சொன்ன வேலையை முடித்துவிட்டு, அடுத்த சொல் வருகிறவரைக்கும் நிற்கிறான். நீதான் அவனை மறந்துவிட்டாய்.'

கென்னடி பக்கத்தைத் திருப்பினார். வீட்டுக்கு வந்த பியூலா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதற்கு எதிர்ப்பக்கத்தில் எழுதியிருந்ததை அவள் தனியாக வாசித்தாள். 'கறுப்பு ஆபத்தில்லை. கறுப்பைப் பார்த்தால் எவனும் ஜாக்கிரதையாக இருப்பான். ஆளைச் சாகடிப்பது சாம்பல். அங்கே ஒன்றும் மாறவில்லை என்று நினைக்கவைக்கும்.' அவள் நோட்டை மூடி அரிசிப் பானைக்குள் வைத்தாள், மறுநாள் கென்னடி கேட்டபோது எடுத்துக்கொடுத்தாள்.

நாற்பதாம் நாள் காலை மாடத்தி ஒன்பதாம் நம்பர் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். வளைவுக்குக் கீழே வந்ததும் மரியாதையாகக் குடையை மேட்டுப் பக்கம் சாய்த்தாள். யானை மேட்டுப் பக்கத்திலிருந்துதான் இறங்கியது. குடைத் துணிக்கு அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டதாகவும், எபிதான் இறங்கிவருகிறானோ என்று ஒரு நொடி நினைத்ததாகவும், அதனால் ஓடாமல் நின்றதாகவும் அவள் பின்னால் சொன்னாள். யானை அவளைத் தூக்கவில்லை, மிதிக்கவில்லை, வழியில் கிடந்த பெட்டியைத் தள்ளுவதுபோலத் தள்ளிவிட்டுப் போயிற்று. இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் போனது. போன் எடுக்காது, ரோடு கிடையாது, கதவுப் பலகையில் கட்டி எட்டு பேர் மாற்றி மாற்றிக் கீழே சுமந்துபோனார்கள்.

தூக்கும்போது பியூலா பக்கத்தில் நடந்தாள். மாடத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "குடையச் சாச்சது என் தப்புட்டி. நீ ஒண்ணும் மனசுல வைக்காத" என்றாள். கொஞ்ச தூரம் போய், "உம் மாப்பிள்ளைக்கு மரியாத குடுக்கப் போயி எனக்கு இடுப்பு போச்சு, நாளைக்கு வந்து எந்துணியத் தொவச்சிக் குடு" என்றாள், சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பியூலா அந்தக் கையை விடவில்லை.

மறுநாள் காட்டிலாகாவிலிருந்து மூன்று வாட்சர்கள் சரிவை நடந்தே ஏறிவந்தார்கள். மூன்று வாரமாகத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்ததாகவும் ஒருவரும் பார்க்கவில்லையா என்றும் கேட்டார்கள். கொட்டகைப் பக்கம்தான் யானை தங்குகிறது, எத்தனை என்று தெரியவில்லை, நாங்கள் ஏறிப்பார்க்கிறோம் என்றார்கள். அவர்கள் கண்ணுக்கும் அவன் தெரிந்தான். வாட்சர்களில் பெரியவர் கேட்டார், "அங்க ஒருத்தர் நிக்கிறாரே?"

கென்னடி பியூலாவைப் பார்த்தார்.

"நான் போறேன்" என்றாள் பியூலா. "நீங்க பாலத்துல நில்லுங்க. முதல்ல வேற யார் கண்ணும் படவேண்டாம்."

ஞானப்பூ வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். கத்துவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் கேட்டது ஒன்றுதான். "நோட்டுல இதுக்கு என்ன போட்டிருக்கான்?"

பியூலா அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினாள், கறுப்பு, சாம்பல், ஆளைச் சாகடிப்பது. ஞானப்பூ எழுத்துத் தெரியாதவள், நோட்டை வாங்கி எழுத்தின் மேல் விரலை வைத்து, மகன் சொன்ன வழியில் விரலால் ஒரு முறை போய்விட்டு வந்தாள்.

"அப்ப அவனே சொல்லுதான்" என்றாள். "போ. குடையச் சாய்க்காமப் போ."

பியூலா குடையை விரிக்கவே இல்லை. நோட்டைப் படங்குக்குள் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு பலகை தாண்டி ஏறினாள். தூறல் விழுந்தது. ஐம்பதடியில் அவன் சட்டையின் கோடு தெரிந்தது, நாற்பதடியில் மூன்றாவது பொத்தானுக்குப் பதிலாக அவள் குத்திவிட்ட ஊக்கு தெரிந்தது, முப்பதடியில் அவன் முகம், அது கோபமாக இருக்கும் என்று நாற்பத்தொரு நாள் நினைத்திருந்தாள், கோபமாக இல்லை, வேறு என்னவென்று சொல்லத் தெரியவில்லை. அவன் பார்வை அவள் தலைக்கு மேலாக லயன் வீட்டுப் பக்கம் இருந்தது. இன்னும் பத்தடி போனால் தீர்ந்துபோகும். அவள் நின்றாள். அடுத்த சொல் வருகிறவரைக்கும் நிற்கிறான் என்று எழுதியவனுக்கு ஒரு சொல்லாவது கொடுத்துவிட்டுத்தானே போக வேண்டும்.

"ஏங்க" என்றாள். "மழை வருது. வீட்டுக்குப் போங்க."

பிறகு அந்தப் பத்தடியும் போனாள்.

சத்தம் எதுவும் இல்லை. தரையில் ஊற்றிய தண்ணீர் மண்ணுக்குள் போவதுபோல அவன் போனான், முதலில் கால், கடைசியில் அந்தக் கை. அவனுக்குப் பின்னால் கொட்டகை இடிந்து கிடந்தது, உத்திரம் முறிந்து, தகரம் சுருண்டு, பாதை முழுக்க யானை லத்தி, தேயிலைச் செடி கொழுந்து எடுக்க ஆளில்லாமல் இடுப்புக்கு மேல் வளர்ந்து நின்றது. நடுவில் ஒரு தாய் யானையும் குட்டியும். குட்டி தகரத்தைத் தட்டி அது எழுப்பும் சத்தத்தைக் கேட்டு விளையாடிக்கொண்டிருந்தது. தாய் பியூலாவைப் பார்த்தது. அவள் அசையாமல் அதைப் பார்த்தாள், எத்தனை, எந்தப் பக்கம் போகும், எந்த வழி திறந்திருக்கிறது என்று, பார்க்கப் போகிற ஆள் பார்க்க வேண்டியதையெல்லாம். கொஞ்ச நேரத்தில் தாய் குட்டியைத் தும்பிக்கையால் தட்டி, மேட்டு வழியே சோலைக்குள் கூட்டிப்போனது.

"ரெண்டு" என்று பியூலா கீழே பார்க்காமலே கத்தினாள். "தாயும் குட்டியும். சோலைக்குள்ள போயிருச்சு."

இடுப்பில் நோட்டோடு சேர்த்துச் செருகியிருந்த போன் அதிரத் தொடங்கியது. நாற்பத்தொரு நாள் செய்திகள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்தன, யானை, யானை, யானை. அவள் கடைசிவரை தள்ளிப் பார்த்தாள். அவனிடமிருந்து ஒன்றும் இல்லை.

அப்புறம்தான் திரும்பினாள். பார்க்கப் போனவன் அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் என்ன தெரியும் என்று நோட்டில் எங்கும் இல்லை, ஒருவேளை நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்திருக்கலாம். லயன் வீட்டு வாசலில் ஞானப்பூ உட்கார்ந்திருக்க வேண்டும், கென்னடியும் மற்றவர்களும் நின்றிருக்க வேண்டும், அவர்களில் ஒருவரையும் காணோம். வாசல் சாம்பலாக இருந்தது. அதில் ஒரு பெண் நின்றாள், மஞ்சள் நைட்டி போட்டிருந்தாள் என்று நிறமில்லாமலே தெரிந்தது, தோளில் துண்டு, அந்தத் துண்டின் முனையால் ஒரு நீள நோட்டின் பக்கத்தை ஒற்றித் துடைத்துக்கொண்டு, துடைப்பதைப் பாதியில் விட்டுவிட்டு, இந்த வளைவையே பார்த்துக்கொண்டு.

அது அவளேதான், அந்தச் சனிக்கிழமை. கதவைச் சாத்துவதற்கு முன்னால் அவள் நோட்டை எடுத்திருக்கிறாள். பக்கத்தை இழுவியது வாசல் ஈரம் இல்லை, துண்டு. ஒரு மூச்சு நேரம் அவள் அப்படி நின்றிருக்கிறாள், பிறகு அதை மறந்துவிட்டாள். அவன் மறந்திருக்க வழியில்லை, இந்த வளைவிலிருந்து அந்த வாசலைக் கடைசியாகப் பார்த்தவன் அவன், பார்த்தது அதைத்தான்.

கீழே இறங்கி வாசலை நெருங்கினால் அந்தப் பெண்ணும் போய்விடுவாள் என்பது பியூலாவுக்குத் தெரியும். இறங்கத்தான் வேண்டும், சோறு வடிக்க வேண்டும், மாடத்தியின் துணி கிடக்கிறது. அவள் வலது கையைத் தூக்கினாள், அவன் தூக்கிய உயரத்துக்கு.

பாலத்திலிருந்து பெரிய வாட்சர் குரல் கொடுத்தார். "யாரைம்மா கூப்பிடுறீங்க?"

"யாரையும் கூப்பிடலை அண்ணே" என்றாள் பியூலா, கையை இறக்காமல். "பாத்துட்டேன்னு சொல்றேன்."